புளூஸ் குழுவில் ஒரு மெற்றல் கிற்றார் வித்துவான்

மேனாட்டுச் சங்கீதத்தை வானொலி வாயிலாகவும் இசைத்தட்டு வாயிலாகவும் கேட்டுப் பழகியோரிடத்தில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கின்றது. புளூஸ் என்பது துயரத்தை மெல்லெனச் சொல்லும் இசை. ஹெவி மெற்றல் என்பது செவியைப் பிளக்கும் பேரோசை. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பதே அக்கருத்து. இது முற்றும் பிழையென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும், மெற்றல் இசையிலே கைதேர்ந்த கிற்றார் வித்துவான் ஒருவர் புளூஸ் குழுவொன்றிற் சேர்ந்து வாசிக்கத் தொடங்கும்போது நிகழ்வது யாது என ஆராயப்புகின், இவ்விரு கலைகளுக்கும் உள்ள உறவு தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவே என்பது புலனாகும். தாய்வீடு திரும்பும் பிள்ளை அங்கே எதனைக் கொண்டு செல்லலாம், எதனை வாசலிலே விட்டுச் செல்லல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. இருபது ஆண்டுகள் ஒரு துறையிலே உழைத்துப் பெயரும் பொருளும் ஈட்டிய ஒருவர், அத்துறையை விட்டு அதன் மூலத்தை நாடிச் செல்லும்போது இரு பக்கத்தாராலும் கைவிடப்படும் ஆபத்து உண்டு. பழைய இரசிகர் 'இவர் நம்மை விட்டுப் போயினார்' என்பர். புதிய சபையார் 'இவர் நம்மவர் அல்லர்' என்பர். அத்தகைய ஆபத்தை ஏற்று வெற்றி கண்ட ஒருவரது வரலாற்றைப் பின்னே கூறுவோம். அதற்கு முன்னர் இவ்விரு இசைகளின் இலக்கணத்தையும் சிறிது அறிந்துகொள்ளல் அவசியமாகும்.

புளூஸ் இசையின் அமைப்பு

அமெரிக்காவிலே அடிமை முறை 1865ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், தென் மாகாணங்களிலே பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் வறுமையும் இழிநிலையும் அதனோடு ஒழிந்துவிடவில்லை. அம்மக்களின் வயற்பாட்டு, தேவாலயப் பாட்டு, தெருப்பாட்டு ஆகியவற்றின் கலப்பிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோன்றியதே புளூஸ். டபிள்யு. சி. ஹண்டி என்பவர் 1912இல் 'மெம்பிஸ் புளூஸ்' என்னும் உருப்படியை அச்சிட்டு வெளியிட்டதன் பின்னர் அப்பெயர் நாடெங்கும் பரவலாயிற்று.

அதன் பெருவழக்கான வடிவம் பன்னிரண்டு ஆவர்த்தனங்களைக் கொண்டது. ஆவர்த்தனம் ஒன்றுக்கு நான்கு எண்ணிக்கையாக, ஒரு சுற்றுக்கு 48 எண்ணிக்கை. முதல் நான்கு ஆவர்த்தனங்கள் சட்சத்தை அடியாகக் கொண்ட சுரக்கூட்டில் நிற்கும்; ஐந்தும் ஆறும் மத்திமத்தை அடியாகக் கொண்ட கூட்டுக்குச் செல்லும்; ஏழும் எட்டும் மீண்டும் சட்சத்துக்கு வரும்; ஒன்பதாவது பஞ்சமத்திலும் பத்தாவது மத்திமத்திலும் நிற்க, இறுதி இரண்டும் சட்சத்திலே வந்து முடியும். பாடலின் அடிகள் மூன்று. முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாமடியால் முடிப்பது பெருவழக்கு.

இங்கே கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. அடி ஒவ்வொன்றுக்கும் உரியவை நான்கு ஆவர்த்தனங்கள். பாடகர் ஏறக்குறைய முதலிரண்டிலே பாடி முடித்துவிடுவார். எஞ்சிய இரண்டும் வெற்றிடமல்ல. அவை வாத்தியம் விடை சொல்லவேண்டிய இடம். ஒருவர் வினவ மற்றவர் விடை பகரும் உரையாடலே புளூசின் உயிர்நிலை. வினா முடியுமுன் விடை சொல்லத் தொடங்குபவன் எத்துணை வல்லவனாயினும் அச்சபையிலே மரியாதை பெறான். புகழ்பெற்ற பி. பி. கிங் தாம் பாடும்போது கிற்றாரை வாசிப்பதில்லை. குரல் ஓய்ந்த பின்னரே கிற்றார் பேசும். இரண்டும் ஒருவருடையவேயாயினும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன.

சுர அமைப்பை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. கிற்றார் வித்துவான் புளூசிலே பெரும்பாலும் கையாளும் ஐந்து சுரங்கள் நமது சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களே: சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். இராகம் என்பது வெறும் சுரவரிசை அன்றாதலால் இரண்டும் ஒன்றென்று கூறல் பொருந்தாது. ஆயினும் படிக்கட்டு ஒன்றே. இவற்றோடு மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடைப்பட்ட பிரதிமத்திமம் வழிப்போக்கன்போல் வந்து தீண்டிச் செல்லும். காந்தாரமோ ஓரிடத்தில் நிலைத்து நில்லாது, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடும். வீணையிலே மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிப்பதுபோல, கிற்றாரிலும் தந்தியை விரலால் தள்ளி இந்நுண்ணிய நிலைகளை எய்துவர். அந்த நுண்மையிலேதான் புளூசின் சோகம் தங்கியிருக்கின்றது.

தாயிலிருந்து சேய் பிறந்த வகை

மிசிசிப்பி மாகாணத்துத் தோட்டமொன்றிலே தொழிலாளியாயிருந்த மடி வோற்றேர்ஸ் 1943இல் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். இரைச்சல் மிக்க நகரத்து மதுச்சாலைகளிலே மரக்கிற்றாரின் ஓசை எடுபடாமையால், அவர் மின்கிற்றாரைக் கைக்கொண்டார். 1958இல் அவர் இங்கிலாந்து சென்று வாசித்தபோது, கிராமியப் பாடகரை எதிர்பார்த்து வந்த சிலர் அவரது மின்கிற்றாரின் உரத்த ஒலி கேட்டுத் திகைத்தனர். ஆனால், அந்நாட்டு இளைஞர் ஒரு சாரார்க்கு அவ்வொலியே வேதமாயிற்று. இலண்டனிலே ஜோன் மேயோல் என்பார் நடத்திய புளூஸ் பிறேக்கர்ஸ் என்னும் குழுவிலே எரிக் கிளப்ரன் வாசித்த தொகுதி 1966இல் வெளிவந்தது. கிப்சன் நிறுவனத்தாரின் லெஸ் போல் கிற்றாரை மார்ஷல் ஒலிபெருக்கியோடு இணைத்து, மேடையிலே வாசிக்கும் அதே பேரொலியை ஒலிப்பதிவு அறைக்குள்ளும் அவர் எழுப்பினார். பின்னாளில் மெற்றல் என வழங்கலாயிற்றே, அதன் தொனிக்கு இதனை ஒரு தோற்றுவாய் எனலாம்.

பேர்மிங்காம் நகரிலே 1948இற் பிறந்த ரொனி அயோமியின் வரலாறு இவ்வுறவை இன்னும் தெளிவாகக் காட்டும். அவர் இடக்கை வழக்கமுடையவர். ஆதலால் வலக்கை விரல்களாலேயே தந்தியை அழுத்துவார். 1965இலே, பதினேழு வயதில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் அவர் வேலை செய்த கடைசி நாளன்று, அழுத்தப் பொறியிலே சிக்கி வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நுனியிழந்தன. இனிக் கிற்றார் இல்லை என்று மனமுடைந்திருந்த அவ்விளைஞருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ றைன்ஹார்ட்டின் இசைத்தட்டொன்றைக் கேட்பித்தார். 1928இல் நிகழ்ந்த தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும் உலகப் புகழ் எய்தியவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்ரிக் போத்தலொன்றை உருக்கி விரலுக்கு உறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கலானார்.

1968இல் அவரும், பாடகர் ஓசி ஒஸ்போணும், கீசர் பட்லர், பில் வார்ட் முதலியோரும் தொடங்கிய குழுவின் பெயர் போல்கா ரல்க் புளூஸ் பாண்ட். பெயரிலேயே புளூஸ் இருப்பதைக் காண்க. பின்னர் அஃது ஏர்த் எனப் பெயர் மாறி, 1969இலே பிளாக் சபாத் ஆயிற்று. 1970 பெப்ரவரி 13ஆம் திகதி வெளிவந்த அவர்களது முதற்றொகுதியை மெற்றல் இசையின் பிறப்புச் சான்றிதழ் என்பர். அத்தொகுதியிலே ஹார்மோனிக்கா ஊதப்படுகின்றது. வேறொரு புளூஸ் குழுவின் பாடலொன்றும் நீளமாக வாசிக்கப்படுகின்றது. குழுவின் பெயரையே தாங்கிய முதற்பாடலின் அடிப்படை மூன்றே சுரங்கள்: ஆதார சட்சம், மேற்சட்சம், பிரதிமத்திமம். புளூசிலே வழிப்போக்கனாய் வந்து சென்ற பிரதிமத்திமத்தை அயோமி பிடித்து நிறுத்தி, வீட்டுக்கே உடையவனாக்கினார். கேட்போர் உள்ளத்தில் ஓர் அச்சம் புகுந்தது. 1971இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியிலே, காயமுற்ற விரல்களுக்கு இதமாகத் தந்திகளைத் தளர்த்தி, மூன்று அரைச்சுரம் கீழிறக்கிச் சுருதி கூட்டினார். ஓசை மேலும் கனத்தது. ஒரு தொழிலாளியின் விரற்காயமும், புளூசின் ஒரு நழுவற் சுரமும் புதியதொரு கலைக்கு வித்தாயின என்பது மிகையன்று.

இரண்டும் பிரியும் இடங்கள்

இவ்வாறு ஒரு வயிற்றிற் பிறந்ததேயாயினும், மெற்றல் விரைவிலே தனிக்குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டது. அதன் வித்துவான் புளூஸ் குழுவுக்குள் அடியெடுத்து வைக்கும்போது நான்கு இடங்களிலே இடறுவார்.

முதலாவது, தொனி. வால்வு பொருத்திய ஒலிபெருக்கிக்கு அதன் கொள்ளளவுக்கு மேற்பட்ட மின்னலை செலுத்தப்படுமாயின், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். அவ்வாறு வெட்டுண்ணும்போது மூல சுரத்தோடு பல மேற்சுரங்களும் பிறந்து ஒலி கரகரக்கும். இக்கரகரப்பே மெற்றலின் ஆடை. ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. முகடு முழுவதும் வெட்டுண்ட பின்னர், மெல்ல மீட்டினாலும் வல்லென மீட்டினாலும் ஒலியின் அளவு ஏறத்தாழ ஒன்றேயாகின்றது. புளூஸ் வித்துவானோ ஒலிபெருக்கியைக் கரகரப்பின் விளிம்பிலே நிறுத்தி வைப்பார். விரல் மெத்தென்றால் தெளிந்த ஒலி. விரல் கடுமையுற்றால் கரகரப்பு. கோபமும் இரக்கமும் விரல் வழியே வெளிப்படுகின்றன. மெற்றல் வித்துவான் கரகரப்பைக் குறைத்துக்கொண்டு இங்கே வாசிக்கும்போது, இதுகாறும் ஒலிபெருக்கி தாங்கிப்பிடித்த சுரத்தைத் தம் விரலே தாங்கவேண்டியிருத்தலைக் காண்பார். திரை விலகியது, விரலின் குணமும் குற்றமும் ஒருங்கே தெரியும்.

இரண்டாவது, சுரக்கூட்டு. கரகரப்பு மிக்க தொனியிலே பல சுரங்களை ஒருங்கே எழுப்பினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். ஆகவே, மெற்றலிலே சட்சமும் பஞ்சமமும் மாத்திரம் கொண்ட இரு சுரக் கூட்டே பெருவழக்காயிற்று. அதிலே காந்தாரம் இல்லை. புளூசிலோ காந்தாரமே நடுநாயகம்; நிஷாதமும் உடன்சேர்ந்து நிற்கும். காந்தாரத்தை விலக்கியே பல்லாண்டு வாழ்ந்த கை, காந்தாரத்தை எங்கே நிறுத்துவது, எவ்வளவு தள்ளுவது என்பதனைப் புதிதாகக் கற்கவேண்டியிருக்கின்றது.

மூன்றாவது, நடை. மெற்றல் பெரும்பாலும் சதுஸ்ர நடையினது. எண்ணிக்கையைச் சமமாகப் பகுத்து, உள்ளங்கை விளிம்பால் தந்தியைச் சற்றே அடக்கி, இயந்திரம்போற் பிசகாது அடுக்கடுக்காக மீட்டுவது அதன் பெருமை. புளூசின் பெருவழக்கான நடையோ திஸ்ரத்தின்பாற்பட்டது. எண்ணிக்கை ஒவ்வொன்றையும் மூன்றாகப் பகுத்து, முதலதையும் மூன்றாவதையும் தட்டி, நடுவிலுள்ளதை விழுங்கிவிடுவர். அதனால் நொண்டிச் செல்வதுபோன்ற ஓர் அசைவு பிறக்கின்றது. மேலும், சுரம் எண்ணிக்கையின் தலையிலே விழாமல், இம்மியளவு தாமதித்து விழுவதும் அதன் அழகு. கடிகாரத்தோடு போட்டியிட்டுப் பழகிய கைக்கு இத்தாமதம் எளிதில் வருவதன்று.

நான்காவது, இடைவெளி. மெற்றல் குழுவிலே கிற்றாரே மாளிகை. ஏனையவை அதன் தூண்கள். புளூஸ் குழுவிலோ பாடகரும், பியானோவும், ஓர்கனும், ஊதுவாத்தியங்களும், ஹார்மோனிக்காவும் ஒரே கூரையின்கீழ் வாழவேண்டும். பிறர் பேசும் நேரம் மிகுதி. தாம் பேசும் நேரம் குறைவு. அந்நேரத்திலே கிற்றார் வித்துவான் செய்யவேண்டியது தாழ்ந்த ஒலியிலே சுரக்கூட்டைத் தொட்டுத் தொட்டு விடுதல், அல்லது முற்றாக வாளாவிருத்தல். வாளாவிருத்தலும் வாசிப்பின் ஒரு பகுதியே என்பது இந்நான்கனுள்ளும் கற்பதற்கு மிக அரிய பாடமாகும்.

அவ்வாறாயின், மெற்றல் வித்துவான் கொண்டுவரத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. நெடுநேரம் சோராத விரல்வலிமை, தந்தியை எவ்வளவு தள்ளினும் சுருதி பிசகாமை, வேண்டாத தந்திகளை ஓசையெழாது அடக்கும் திறன், சுரத்தை நடுக்கித் தாங்கும் உறுதி ஆகியன அவர் கைச்சொத்து. இவை எந்தச் சபையிலும் செல்லும் நாணயங்கள்.

கேரி மூர் செய்த துணிவு

மேற்கூறியவற்றிற்கு இலக்கியமாக விளங்குபவர் கேரி மூர். 1952 ஏப்ரல் 4ஆம் திகதி வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே பிறந்தவர். இயல்பில் இடக்கை வழக்கமுடையவராயிருந்தும் வலக்கை முறையிலேயே கிற்றார் பயின்றார். சிறுவயதிலே அவரை ஆட்கொண்டவை மேயோல் குழுவினரின் புளூஸ் இசைத்தட்டுகள். கிளப்ரன் விலகிய இடத்தை அக்குழுவிலே 1966இல் நிரப்பியவர் பீற்றர் கிறீன். மறுவருடம் அவர் பிளீற்வுட் மாக் என்னும் குழுவை அமைத்தார். பதினாறு வயதிலே டப்ளின் நகரஞ் சென்று ஸ்கிட் றோ என்னும் குழுவிற் சேர்ந்த மூருக்குக் கிறீனின் அறிமுகமும் ஆதரவும் கிடைத்தன. 1970இல் பிளீற்வுட் மாக்கை விட்டு விலகிய கிறீன், சிறிது காலத்தின் பின் தமது 1959ஆம் வருடத்து லெஸ் போல் கிற்றாரை மூருக்கு விற்றார். மூர் தமது சொந்தக் கிற்றாரை விற்று எவ்வளவு கிடைக்குமோ அதனையே விலையாகப் பெற்றுக்கொண்டார் என்பது பலரறிந்த செய்தி. அக்கிற்றாரின் காந்தமொன்று மாறிப் பொருத்தப்பட்டிருந்தமையால், அதன் இரு மின்சுருள்களையும் ஒருங்கே இயக்கும்போது மூக்கால் அழுவதுபோன்ற ஒரு தனித் தொனி எழும்.

ஆயினும், மூரின் வாழ்க்கை வேறு வழியிற் சென்றது. தின் லிசி குழுவிலே பன்முறை பணியாற்றினார். 1980களிலே அவர் தம் பெயரில் வெளியிட்ட தொகுதிகள் கடின றொக், மெற்றல் என்னும் வகையினுள் அடங்குவன. மின்னல்வேகம், பேரொலி, அரங்கு நிறைந்த கூட்டம் ஆகிய மூன்றுக்கும் பெயர் பெற்றார். 1989இல் வந்த தொகுதியிலே பிளாக் சபாத் புகழ் ஓசி ஒஸ்போணே ஒரு பாடலுக்குக் குரல் கொடுத்தார் எனின், மூர் எந்த உலகத்திலே வாழ்ந்தார் என்பது விளங்கும்.

அத்தொகுதியையொட்டிய சுற்றுப்பயணத்தின்போது, மேடையேறுமுன் ஆடையணியும் அறையிலே மூர் தனித்திருந்து புளூஸ் வாசிப்பது வழக்கம். ஒஸ்போணின் குழுவிலும் பணியாற்றியவரான பொப் டெய்ஸ்லி என்னும் கீழ்ச்சுரக் கிற்றார் வித்துவான் அதனைக் கேட்டு, புளூஸ் தொகுதியொன்றையே செய்யலாமே என்று தூண்டினார். அவ்வாறு 1990இல் வெளிவந்ததே 'ஸ்ரில் கொற் த புளூஸ்' என்னும் தொகுதி. ஆயிரமாயிரம் பேர் முன்னிலையில் ஒரு வகை இசையும், கதவடைத்த அறையிலே வேறொரு வகை இசையுமாக வாழ்ந்த ஒருவர், உள்ளறை இசையை மேடைக்குக் கொண்டுவரத் துணிந்தார். அவர் பணயம் வைத்தது இருபதாண்டுப் புகழை.

அத்தொகுதியின் சிறப்பு மூர் தனியே நின்று வித்தை காட்டாமையிலே தங்கியுள்ளது. மிசிசிப்பியிலே பிறந்த அல்பேட் கிங், ரெக்சாசைச் சேர்ந்த அல்பேட் கொலின்ஸ் ஆகிய இரு முதியோரையும் அழைத்துத் தம் அருகே வாசிப்பித்தார். பீற்றில்ஸ் குழுவினராயிருந்த ஜோர்ஜ் ஹரிசனும் ஒரு பாடலைத் தந்து உடன் வாசித்தார். அல்பேட் கிங் இடக்கையர். வலக்கையர்க்கென அமைந்த தந்திகளை மாற்றாமலே கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்து, தந்தியைக் கீழ்நோக்கி இழுத்து வாசிப்பவர். சில சுரங்களே அவருடைய சொல்வளம். ஆனால் ஒவ்வொன்றும் நெஞ்சிலே தைக்கும். அவர் கையிலிருந்த அம்புமுனை வடிவான கிப்சன் கிற்றார் பின்னாளில் மெற்றல் வித்துவான்களின் சின்னமாகவே ஆயிற்று என்பது கருதத்தக்கது. கொலின்சோ தகட்டினால் மீட்டாது விரலினாலேயே தந்தியைச் சுண்டி, குளிர்நீர் தெறித்தாற்போன்ற கூரிய ஒலி எழுப்புபவர். இவ்விருவரின் பக்கத்திலே நிற்கும்போது ஐம்பது சுரங்களை அள்ளி வீசுதல் ஆற்றலைக் காட்டாது, அறியாமையையே காட்டும். மூர் அதனை உணர்ந்தார் என்பதை இசைத்தட்டே சாற்றும். தொகுதியின் பெயர்ப்பாடலிலே ஒரு சுரத்தைப் பிடித்து, அது தானே அழுது ஓயுமட்டும் காத்திருக்கின்றார். முன்னைய மூராயின் அந்நேரத்தில் மூன்று ஆவர்த்தனம் ஓடியிருப்பார்.

அவர் வாழ்நாளிலே வெளியிட்டவற்றுள் மிகுதியாக விற்பனையானது அத்தொகுதியேயாகும். 1992இல் வந்த அடுத்த தொகுதியிலே பி. பி. கிங்கும் கொலின்சும் கலந்துகொண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் அல்பேட் கிங்கும், 1993 நவம்பரில் கொலின்சும் காலமாயினர். இன்னுஞ் சில ஆண்டு தயங்கியிருப்பின் அவ்வாய்ப்பு என்றென்றைக்கும் தவறியிருக்கும். 1995இலே தம் ஆசிரியர்நிலையில் வைத்துப் போற்றிய பீற்றர் கிறீனுக்குக் காணிக்கையாக, அவர் பாடல்களையே கொண்ட தொகுதியொன்றை, அவரிடம் பெற்ற கிற்றாரைக்கொண்டே வாசித்து வெளியிட்டார். 2011 பெப்ரவரி 6ஆம் திகதி ஸ்பெயின் நாட்டிலே மூர் மறைந்தார்.

ஒரு குற்றச்சாட்டு

மூரைக் குறைகூறுவோரும் உளர். அவர் புளூசிலும் சுரங்களை மிகையாகப் பொழிகின்றார், ஒலியை மிகையாக எழுப்புகின்றார், மெற்றல் வாடை முற்றும் நீங்கவில்லை என்பது அவர் கூற்று. அதிலே உண்மை இல்லாமலில்லை. விரைந்த நடைப் பாடல்களிலே பழைய வேகம் அணையை உடைத்துக்கொண்டு பாய்வதைக் கேட்கலாம். நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழியாயினும், விரைந்து தூக்கிச் செல்லப்படும் குடம் நிறைந்திருந்தாலும் தளும்பவே செய்யும்.

ஆயினும், இக்குற்றச்சாட்டை முழுதாக ஏற்க இயலாது. பெல்பாஸ்ற் நகரத்து மனிதர் ஒருவர் பருத்தித் தோட்டத்துக் கிழவரைப்போல நடித்து, அவர் வாசித்த சுரத்தையே அவர் வாசித்தவாறே வாசிப்பாராயின், அது பக்தியாகலாம், கலையாகாது. துயரத்தை நடிப்பதைவிடப் பெரிய பொய் புளூசிலே இல்லை. மூர் தம் குரலிலேயே பேசினார். அக்குரல் உரத்த குரல்; அவசரக் குரல்; அஃது அவருக்கு இயல்பு. நாம் கேட்கவேண்டிய கேள்வி 'எத்தனை சுரம் வாசித்தார்?' என்பதன்று, 'பாடகர் சொன்னதற்கு விடையாக வாசித்தாரா?' என்பதே. வினாவைச் செவிமடுத்த பின்னர் விடை நீண்டிருந்தாலும் அது விடையே. செவிமடாது சொன்ன ஒற்றைச் சுரமும் வெறும் இடையூறே. புளூஸ் குழுவின் சட்டம் மெதுவாக வாசி என்பதன்று. கேட்டு வாசி என்பது.

இதிலே இன்னொரு நியாயமும் அடங்கியிருக்கின்றது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பெரும்புகழ் எய்திய வெள்ளையர் பலரின் செல்வத்துக்கு மூலதனமாயிருந்தது கறுப்பின மக்களின் இசை. மூலவர் பலர் வறுமையிலேயே வாழ்ந்து மாண்டனர். மூர், அல்பேட் கிங்கையும் கொலின்சையும் தம் தொகுதிக்கு அழைத்து, பெயர் சொல்லி, முன்னே நிறுத்தி வாசிப்பித்தது கடன் முழுவதையும் தீர்த்துவிடவில்லை. ஆனால், கடன் உண்டென்பதை ஊரறிய ஒப்புக்கொண்டார். தாய்வீடு திரும்புவோன் வெறுங்கையோடு போகலாகாது என்னும் நெறிக்கு இது பொருந்தியதாகும்.

கிற்றார் சொல்லும் கதை

மூரிடமிருந்த அந்த 1959ஆம் வருடத்து லெஸ் போல் கிற்றாரை அவர் 2006இல் விற்றுவிட்டார். 2014இல் அதனை வாங்கியவர், மெற்றல் உலகின் பெருங்குழுவாகிய மெற்றலிக்காவின் கிற்றார் வித்துவான் கேர்க் ஹமெற். புளூஸ் வித்துவானிடமிருந்து கடின றொக் வித்துவானுக்கும், அவர் வழியே மீண்டும் புளூசுக்கும், ஈற்றிலே மெற்றல் வித்துவானுக்கும் சென்றது அக்கருவி. கதை அத்துடன் முடியவில்லை. பீற்றர் கிறீன் 1970இலே பிளீற்வுட் மாக்குக்கு ஆக்கிய 'கிறீன் மனலிஷி' என்னும் பாடலைப் பேர்மிங்காம் மெற்றல் குழுவாகிய ஜூடாஸ் பிறீஸ்ற் 1970களின் இறுதியிலே தமதாக்கிப் பரப்பியிருந்தது. 2020 பெப்ரவரி 25ஆம் திகதி இலண்டன் பலேடியம் அரங்கிலே கிறீனுக்கு மரியாதை செலுத்தும் விழா நடந்தபோது, அப்பாடலை அதே பழைய கிற்றாரிலே வாசித்தவர் ஹமெற். அவ்வாண்டு ஜூலையிலே கிறீன் காலமானார். சேய் கையிலிருந்த கருவி தாயின் முற்றத்திலே மீண்டும் ஒலித்தது.

பிளாக் சபாத் குழுவினரும், 2025 ஜூலை 5ஆம் திகதி தாம் பிறந்து வளர்ந்த பேர்மிங்காமின் அஸ்ரன் பகுதியிலுள்ள வில்லா பார்க் மைதானத்திலே இறுதிக் கச்சேரி நடத்தி விடைபெற்றனர். அதே மாதம் 22ஆம் திகதி ஒஸ்போண் இவ்வுலகை நீத்தார். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புளூஸ் குழுவாகத் தொடங்கிய பயணம் அது.

ஆகவே, மெற்றல் வித்துவான் ஒருவர் புளூஸ் குழுவிலே நுழையும்போது அவர் கற்கவேண்டுவது புதிய சுரங்களையல்ல. அவற்றை அவர் முன்னரே அறிவார். விரல்வன்மையையும் அவர் விடவேண்டுவதில்லை. அவர் விடவேண்டியது, எல்லா இடத்தையும் தாமே நிரப்பவேண்டும் என்னும் எண்ணம் ஒன்றையே. இசை பயிலும் நம் மாணவர், வாய்ப்பாட்டாயினும் வயலினாயினும் மிருதங்கமாயினும், பக்கவாத்தியமாக அமரும்போது இதனை எண்ணிப் பார்ப்பாராக. கை பழகுவதற்குச் சில ஆண்டுகள் போதும். பிறர் பாடும்போது கையை மடியில் வைத்துக் கேட்டிருக்கப் பழகுவதற்கு, கேரி மூர் போன்ற வல்லுநர்க்கே இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.